வீட்டு ஆபீசுக்கு ஆல் இன் ஒன் பிரிண்டர்: வச்சிருக்கறவங்க அனுபவத்தச் சொல்லுங்க

திருப்பூர்_கணக்கு:
வணக்கமுங்க. வீட்ல முன் ரூம ஆபீசாக்கி ஜிஎஸ்டி ரிட்டர்ன், இன்கம்டாக்ஸ் ஃபைலிங், பிஎஃப் வேலையெல்லாம் பாத்துட்டு இருக்கேன். இத்தன வருசமா எச்பி எம்1005 லேசர் மெசின் வச்சு ஓட்டினேன், ஊர்ல பாதி ஜெராக்ஸ் கடைக்கு சோறு போட்டதே அந்த மாடலும் அதுக்குப் போடற 12ஏ டோனர் பவுடர் டப்பாவும்தான், இப்ப அதுக்கு ஓய்வு குடுத்துட்டு பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூணும் ஒண்ணுல வர்ற ஆல் இன் ஒன் புதுசா வாங்கலாம்னு நாலஞ்சு கடை ஏறி இறங்கிட்டேன். எல்லா எடத்துலயும் மொதல் கேள்வி கலர் வேணுமா சார், ரெண்டாவது பட்ஜெட் எவ்ளோ சார். என்னத்தப் பிரிண்ட் எடுப்பீங்க, எத்தன நாளைக்கு ஒருக்கா எடுப்பீங்கன்னு ஒருத்தர் கூட கேக்கலீங்க. என் வேலை எப்படின்னா மாசா மாசம் 20ஆம் தேதிய ஒட்டியும், ஜூலை மாசம் பூராவும் கொத்தா பிரிண்ட் போகும், மத்த நாள்ல மெசின் சும்மா தூங்கும். கலர் எப்பவாச்சும்தான். ஆனா ஸ்கேன் தினமும் உண்டு, பார்ட்டி பில்லுக் கட்ட அப்படியே பையோட கொண்டாந்து வச்சுட்டுப் போயிருவாங்க. பாட்டில் மை ஊத்தற இங்க் டேங்கா, பவுடர்ல ஓடற லேசரான்னு யூடியூப்ல பாத்தா ஸ்பெசிஃபிகேசன வாசிச்சுட்டு லைக் போடச் சொல்றாங்க, அதனால கையில வச்சு ஓட்டறவங்க சொன்னா தேவல.

நெல்லை_டியூசன்_அக்கா:
தம்பி, நான் வீட்ல டியூசன் எடுக்கேன், பத்தாவது பன்னெண்டாவது கணக்கு. வாரா வாரம் டெஸ்ட் பேப்பர், அதனால இங்க் டேங்க்தான் வாங்கினேன். செலவுன்னு பாத்தா அதுக்கு ஈடே கிடையாது, ஒரு கருப்பு பாட்டில் ஊத்தினா பரீட்சை சீசன் தாண்டி ஓடுது, முன்னால கார்ட்ரிட்ஜ் மெசின் இருந்தப்ப நூத்திச் சொச்சம் பக்கத்துல கார்ட்ரிட்ஜ் காலியாகிரும், இன்னொன்னு வாங்கப் போனா மெசின் வெலையில கால்வாசி கேப்பான். ஆனா ஒரு விசயம் யாரும் சொல்லமாட்டாங்க. பிள்ளைகள் கொஸ்டின் பேப்பர்ல ஹைலைட்டர் போட்டா எழுத்து இழுவிக்கிட்டுப் போயிரும், தண்ணி பாட்டில் வேர்த்து ஒரு சொட்டு விழுந்தா அந்த எடத்துல எக்ஸும் தெரியாது ஒய்யும் தெரியாது. அது டை இங்க், தண்ணில கரையற சாய மைன்னு அப்புறம்தான் சொன்னாங்க. டியூசனுக்குப் பரவால்ல, பத்து வருசம் ஃபைல்ல வைக்கற பேப்பருக்கு யோசிக்கணும்.

மதுரை_சர்வீஸ்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் பிரிண்டர் சர்வீஸ்தான் பண்றேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல இங்க். பாட்டில் அட்டையிலயே டையா, இல்ல கரையாத நுண்பொடி கலந்த பிக்மெண்டான்னு போட்ருக்கும். எப்சன்ல 003 கருப்பு டை, 001 கருப்பு பிக்மெண்ட். கேனான் ஜி சீரீஸ், பிரதர் டேங்க் மெசின், எச்பில ஜிடி53 இதுலயெல்லாம் பெரும்பாலும் கருப்பு பிக்மெண்ட், கலர் மட்டும் டை. ஆபீஸ் பேப்பருக்குக் கருப்பு பிக்மெண்ட் இருக்கறதா பாத்து எடுங்க, காஞ்சதுக்கப்பறம் தண்ணி பட்டாலும் எழுத்து நிக்கும். போட்டோ அதிகம் எடுக்கறவங்களுக்கு நாலும் டையா இருந்தா நல்லதுதான், அது வேற கணக்கு.

ரெண்டாவது, எங்கிட்ட வர்ற இங்க் டேங்க் மெசின்ல பாதிக்கு மேல ஒழைச்சு ஓஞ்சு வர்றதில்லண்ணே, சும்மா கெடந்து வர்றது. மே மாசம் ஊருக்குப் போயிட்டு ஜூன்ல வந்து பட்டனத் தட்டுவாங்க, மஞ்சள் வராது, அடுத்து கருப்புல வெள்ள வெள்ளயா கோடு விழும். ஒடனே மை தெளிக்கற ஹெட்டச் சுத்தம் பண்ண ஹெட் கிளீனிங் மேல ஹெட் கிளீனிங் குடுப்பாங்க. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் நல்ல இங்க்க உறிஞ்சி அடியில இருக்கற பஞ்சுல கொட்டும், அந்தப் பஞ்சு எம்புட்டு குடிச்சிருக்குன்னு மெசின் தனியா ஒரு கணக்கு வச்சிருக்கும், கணக்கு நெறஞ்சா ரெட் லைட்ட மின்ன விட்டுட்டு நின்னுக்கும். பேப்பர் இருக்கு, இங்க் இருக்கு, ஏன் ஓடலன்னு வாடிக்கைக்காரர் முழிப்பார். நெட்ல ரீசெட் சாஃப்ட்வேர்னு கெடைக்கறத எறக்கி கம்ப்யூட்டர்ல வைரஸ ஏத்திக்கிட்டு வந்தவங்களும் உண்டு. ரீசெட் மட்டும் பண்ணி பஞ்ச மாத்தலேன்னா ஒருநாள் மேசைல இங்க் ஒழுகும். இப்ப சில மாடல்ல மெயின்டனன்ஸ் பாக்ஸ்னு தனியா வருது, நாமளே கழட்டி மாத்திக்கலாம், ரெண்டு மாடலுக்கு நடுவுல தடுமாறுனீங்கன்னா அது இருக்கறத எடுங்க. வாரத்துக்கு ஒருக்கா கலர்ல ஒரு பக்கம் எடுத்துட்டா இம்புட்டு வம்பே இல்ல.

ஹெட்டப் பத்தியும் சொல்லிர்றேன். எப்சன் ஹெட் சூடு பண்ணாம, கரண்ட் குடுத்தா அசையற பீசோங்கற சில்லால மைய அழுத்தித் தள்ளுறது, மெசினோட சேந்தது, ரொம்ப நாள் ஒழைக்கும், ஆனா போச்சுன்னா செலவு பெருசு. கேனான் ஜி சீரீஸ், எச்பி டேங்க் மெசின்லாம் இங்க்க சூடாக்கித் தெறிக்க விடுற ஹெட்டு, அது தேயும், ஆனா அந்த ஹெட்ட மட்டும் வாங்கி வீட்லயே மாட்டிக்கலாம்.

இன்னொண்ணு, இங்க் ஊத்துன மெசின எங்க தூக்கிட்டுப் போனாலும் சாய்க்காதீங்க. ஒருத்தர் டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி படுக்க வச்சுக் கொண்டு வந்தார், வெள்ள வேட்டி பூரா மெஜந்தா, கடைல இருந்தவங்க அடிபட்டு வர்றார்னு பதறிட்டாங்க.

சேலம்_மணி:
மாசத்துக்கு முப்பது பக்கம் எடுக்கறவங்க எதுக்குப்பா மெசின் வாங்கறீங்க, தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கு, ஸ்கேனுக்கு போன்ல ஆப் இருக்கு. ஹெட் அடைப்பு கடைக்காரர் பாடு.

கும்பகோணம்_பத்திரம்:
மணி சார், கிளையண்ட் ஆதார், பேன் கார்டு, பத்திர நகல் எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டு முனை கடை டெஸ்க்டாப்ல விட்டுட்டு வர முடியுமா சொல்லுங்க. நான் வீட்ல இருந்து பத்திரம், மனு டைப் அடிச்சுக் குடுக்கறவ, எனக்கு அந்த பயம்தான் மெசின் வாங்க வச்சது.

என் தேவை உங்க யாருக்கும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா சொல்றேன். பச்சை லெட்ஜர் பேப்பர், முத்திரைத்தாள் எல்லாம் ஏ4 கிடையாது, நீளமானது, தடியும் ஜாஸ்தி. பேப்பர் முன் டிரேல இருந்து வளைஞ்சு திரும்பி வர்ற மெசின்ல தடித்தாள் சுருண்டு மாட்டும், பின்னாடி இருந்து நேரா இறங்கற மாதிரி இருந்தா தொல்லையே இல்லை. லேசர்லயும் சிலதுல தடித்தாளுக்குன்னு ஒத்தத்தாளா விடற வாயும், பின்பக்கம் திறந்தா நேரா வெளிய வர்ற வழியும் இருக்கு, கடைல திறந்து காட்டச் சொல்லிப் பாருங்க. முத்திரைத்தாள விடறதுக்கு முன்னாடி சாதா பேப்பர அதே அளவுக்கு வெட்டி ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுதான் விடுவேன், ஒரு வரி கீழ இறங்கினாலும் தாள் காசு போச்சு.

ஸ்கேன்லதான் பெரிய விஷயம் இருக்கு. கண்ணாடி எல்லா சின்ன மெசின்லயும் ஏ4 அளவுதான், ஏ4ஐ விட நீளமான லீகல் சைஸ் தாள வச்சா கையெழுத்து இருக்கற கடைசி வரி வெட்டுப்படும். மேல ஏடிஎஃப் இருக்கற மெசின் பெரும்பாலும் லீகல உள்ள வாங்கிக்கும், கட்டா வச்சா அதுவே ஒவ்வொண்ணா இழுத்துக்கும். திருப்பூர் அண்ணா, உங்க பில்லுக்கட்டுக்கு கலர விட ஏடிஎஃப்தான் முக்கியம்னு எனக்குப் படுது. ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ற ஏடிஎஃப் கெடைச்சா இன்னும் விசேஷம், ஆனா விலை ஏறும். கசங்கின பில்லு, பின் அடிச்ச பில்லு, பெட்ரோல் பங்க்ல தர்ற வழவழ துண்டு இதையெல்லாம் அதுல விடாதீங்க, கண்ணாடிலயே வைங்க.

ஈரோடு_சேலைக்கடை:
நான் ஆன்லைன்ல சேலை விக்கறேன். பார்சல் லேபிள இங்க்ஜெட்ல எடுத்தேன், மழையில நனைஞ்சு பின்கோடு அழிஞ்சு பார்சல் திரும்பி வந்துருச்சு. இப்ப லேபிளுக்குத் தனியா சின்ன தெர்மல் பிரிண்டர் வச்சுட்டேன், இங்க்கே வேண்டாம். லேபிள் வேலை இருக்கறவங்க அதையும் ஆல் இன் ஒன் தலையில கட்டாதீங்க.

அப்பறம் வைஃபை. ரொம்ப மெசின் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும், மொத தடவை செட்டப் பண்ணும்போது போன் 5ல இருந்தா பிரிண்டரே கண்ணுக்குத் தெரியாது. ரௌட்டர்ல ரெண்டுக்கும் வேற வேற பேர் வச்சுட்டு 2.4ல போன மாத்திட்டுப் பண்ணுங்க.

மதுரை_சர்வீஸ்:
திருப்பூர் அண்ணே, நீங்க சொன்ன வேலைக்குக் கருப்பு லேசர் ஆல் இன் ஒன், ஏடிஎஃப்போட. டோனர் பவுடர்தானே, காயறதுக்கு ஒண்ணுமில்ல, மாசம் பூரா தூங்கினாலும் 20ஆம் தேதி மொத பக்கமே பளிச்சுன்னு வரும். ஒண்ணு கவனிங்க, உங்க பழைய 12ஏல டிரம்மு, அதாவது பவுடர தாள்ல ஒத்தற உருளை, டோனரோட ஒண்ணா இருக்கும், மாத்தினா ரெண்டும் புதுசு. பிரதர் மாதிரி மெசின்ல டிரம் தனி, டோனர் வெல கம்மியாத் தெரியும், ஆனா டோனர நாலஞ்சு தரம் மாத்தின பிறகு டிரம்முக்கும் காசு எடுத்து வைக்கணும். பொட்டியோட வர்ற டோனர் பல மாடல்ல முழுசா இருக்காது, பாதிகூட தேறாது, அத வச்சு மைலேஜ் கணக்குப் போடாதீங்க. கம்பெனி சொல்ற 2000 பக்கம் எல்லாம் தாள்ல ஏறக்குறைய 5 சதவீதம் மை படற கணக்கு, நீங்க கட்டம் கட்டமா ஷேட் போட்ட ஸ்டேட்மெண்ட் எடுத்தா அம்புட்டு வராது.

யுபிஎஸ்ல மட்டும் மாட்டாதீங்க. லேசர் உள்ள பவுடர உருக்கறதுக்கு ஒரு ஹீட்டர் இருக்கு, ஒவ்வொரு தடவையும் சூடேறும்போது சட்டுன்னு கரண்ட இழுக்கும், சின்ன யுபிஎஸ் கீச்சுன்னு கத்திட்டு கம்ப்யூட்டரையும் சேத்து அணைச்சுரும். நேரா சுவத்து பிளக்ல குடுங்க. கரண்ட் அடிக்கடி போற ஏரியாவா இருந்தா அந்த ஒரு விசயத்துல இங்க் டேங்க்தான் கெட்டி, அது இழுக்கற கரண்ட் ஒரு எல்இடி பல்பு அளவுதான்.

நெல்லை_டியூசன்_அக்கா:
மழைக்காலத்துல பேப்பர் ரெண்டு ரெண்டா இழுக்குதே சார், அதுக்கு என்ன செய்ய?

மதுரை_சர்வீஸ்:
பேப்பர் ஈரம் குடிச்சிருக்குக்கா. பிரிச்ச கட்ட டிரேலயே விடாம கவர்ல சுத்தி வைங்க, போடும்போது நாலு பக்கமும் விசிறிட்டுப் போடுங்க. அப்பவும் இழுத்தா ரோலர ஈரத்துணியால தொடைங்க. மூடாம வச்சா பல்லி வேற உள்ள போய் முட்ட வைக்கும், நெசமாத்தான் சொல்றேன், எடுத்திருக்கேன்.

திருப்பூர்_கணக்கு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கருப்பு லேசர், ஏடிஎஃப், லீகல் ஸ்கேன், அவ்ளோதான், கலர் வேணும்ங்கற அன்னைக்கு மணி சார் சொன்ன கடை இருக்கவே இருக்கு. இவ்ளோ சொன்னீங்க, என் பங்குக்கு ஒண்ணு. ஜிஎஸ்டி நம்பர் இருக்கறவங்க பிரிண்டர் வாங்கறப்ப பில்லுல அந்த நம்பரப் போட்டு வாங்குங்க, 18 சதவீதம் இன்புட் கிரெடிட்டா எடுத்து நீங்க கட்டற வரில கழிச்சுக்கலாம், டோனர், இங்க் பாட்டிலுக்கும் அதேதான். ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே பிசினஸ் அக்கவுண்டுல நம்பர ஏத்திருங்க, பொருள் வந்த பின்னாடி பில்ல மாத்திக் குடுன்னு நின்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.