தை பிறந்ததிலிருந்து குதிரைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, இது வழக்கம்தானா?

தேவனாம்பட்டினம்_குதிரை:
கடலூரில் இருக்கிறேன். போன வைகாசியில் ராஜஸ்தானிலிருந்து வந்த மார்வாரிப் பெட்டைக் குதிரை, ஏழு வயது. பொங்கலுக்கு அப்புறம் பிரஷ் போட்டால் கை நிறைய முடி வருகிறது, அதுகூடப் பரவாயில்லை, முதுகிலும் பின்தொடை மேலும் திட்டுத் திட்டாகப் போய்த் தோல் தெரிகிறது. நம் ஊரில் குளிரே இல்லையே, எதற்கு இப்படிக் கொட்ட வேண்டும்? கொள்ளு, தவிடு, புல் எல்லாம் நன்றாகத்தான் தின்கிறாள். எனக்கு மனசே சரியில்லை.

லாயம்_புதுவை:
தம்பி, முடி உதிர்வதை முக்கியமாக முடிவு செய்வது வெளிச்சம், குளிர் அப்புறம்தான். டிசம்பர் 22க்குப் பிறகு பகல் நீள நீள உடம்பில் மெலடோனின் என்ற ஹார்மோன் குறைந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும், பழைய ரோமம் கழலும். ராஜஸ்தானில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், நம் பக்கம் ஒன்றரை மணிதான், அதனால் வடக்கிலிருந்து வந்தவை முதல் வருடம் தாறுமாறாகக் கொட்டுவதை எங்கள் லாயத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய முடிக்கு அடியில் குட்டையாக, பளபளவென்று புது முடி தெரிய வேண்டும். வெறும் தோல் தெரிந்தால் அது வேறு விஷயம்.

பாகூர்க்காரர்:
ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே கட்டியிருந்தீர்கள்? ஒரு பொருக்கை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். முடிக்கற்றை பொருக்கோடு ஒட்டிக்கொண்டு பெயின்ட் பிரஷ் மாதிரி வந்தால் அநேகமாக டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா, ஈரத்தில் ஊறிய தோலில் வருவது. தயவுசெய்து எண்ணெய் தடவாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து எடுத்து, துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். வட்ட வட்டமாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது நமக்கும் ஒட்டும், கையுறை போடுங்கள். எதுவானாலும் அந்த பிரஷை வேறு குதிரைக்குப் போடாதீர்கள்.

மட்டக்குதிரை_வில்லியனூர்:
கேட்டவருக்குப் பொருந்தாது, ஆனாலும் வயதான குதிரை வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் இருபது வயது மட்டக்குதிரைக்குச் சித்திரை வெயிலிலும் முடி உதிராமல் சுருள் சுருளாக நீண்டது, தண்ணீரும் வாளி வாளியாகக் குடித்தது. ஏசிடிஎச் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு என்று தெரிந்தது, இப்போது பெர்கோலைட் மாத்திரையில் நன்றாக இருக்கிறது.

தேவனாம்பட்டினம்_குதிரை:
பாகூர் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே. கொட்டகையில் ஒரு மூலை ஒழுகியது, அவள் பின்புறம் அந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போது தொடை மேல் ஒரு பொருக்கை எடுத்தேன், முடி குத்தாக நிற்கிறது, அடியில் இளஞ்சிவப்பாக ஈரம். தொட்டதும் தோலைச் சிலிர்த்துக்கொண்டாள். டாக்டர் நாளைக் காலை வருகிறார், ஓலையை இன்றே மாற்றிவிடுகிறேன்.