மகளிர் உரிமைத் தொகை ரிஜெக்ட், காரணம் புரியல, அவசரம்

மாடிவீட்டு_மணி: அம்மாவுக்கு உரிமைத் தொகை ரிஜெக்ட்னு மெசேஜ் வந்துருச்சு. எதிர் வீட்ல எங்கள விட வசதி, அவங்களுக்கு மாசாமாசம் 1000 ஏறுது. எங்க போய் கேக்கணும்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

தேனிக்காரி: மெசேஜ்ல என்ன காரணம் போட்டிருக்கு? 2023ல போட்ட மனுவா, இல்ல 2025ல அரசு நடத்துன உங்களுடன் ஸ்டாலின் முகாம்ல குடுத்ததா? ரேஷன் கார்டுல யார் யார் இருக்கீங்க? எதுவுமே சொல்லாம எப்படிப்பா சொல்றது

நைட்ஷிப்ட்: கண்டிப்பா கார் தான் ப்ரோ, குடும்பத்துல யார் பேர்லயாவது கார் இருந்தா தர மாட்டாங்க. எங்க மாமா பழைய வண்டிய வித்துட்டாரு, ஆர்சி புக்ல பேர் மாத்தல, அத்தைக்கு வரல. முதல்ல அத செக் பண்ணுங்க

மாடிவீட்டு_மணி: கார்லாம் இல்லங்க, பைக் தான். கார்டுல அப்பா அம்மா நான். முகாம்ல குடுத்தது. மெசேஜ டெலிட் பண்ணிட்டேன்

பழைய_ஆர்ஐ: தம்பி, விதிமுறைய படிச்சுட்டு வந்து கேட்டா பாதி கேள்வி இருக்காது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர் இல்ல புன்செய் 10 ஏக்கர், கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட், இதுக்குள்ள இருக்கணும். அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் வந்தாலும் கிடையாது. இத்தனை வருஷமா ஓடுற திட்டம், இன்னுமா தெரியல?

கணக்குப்பிள்ளை77: நீங்க வேலைக்கு போறீங்களா? சம்பளத்துல தொழில் வரி பிடிக்கிறாங்களா? பிடிச்சா அவ்ளோதான், முடிஞ்சுது

மாடிவீட்டு_மணி: ஆமா அரை வருஷத்துக்கு ஒருக்கா பிடிக்கிறாங்க. சம்பளம் 19000. அப்பா இப்ப வேலைக்கு போறதில்ல

தேனிக்காரி: கணக்குப்பிள்ளை சார் சும்மா பயமுறுத்தாதீங்க. 2.5 லட்சத்துக்கு மேல சம்பாதிச்சு தொழில் வரி கட்டுறவங்க தான் தகுதி இல்ல. இவருக்கு வருஷத்துக்கு 2.28 லட்சம் தான் வருது. அரை வருஷ வருமானம் 21000 தாண்டினாலே உள்ளாட்சில தொழில் வரி உண்டு, அதாவது மாசம் 3500. அத வெச்சு தள்ளினா நாட்ல ஒருத்தருக்கும் கிடைக்காது

கணக்குப்பிள்ளை77: பேப்பர்ல அப்படித்தான் இருக்கும், நான் நேர்ல பாத்தத சொல்றேன்

பழைய_ஆர்ஐ: நேர்ல பாத்தது ஆதாரம் ஆகாது.

நைட்ஷிப்ட்: கரண்ட் பில் எவ்ளோ ப்ரோ வருது? 3600னா ரெண்டு மாசத்துக்கு 600 தான்

மாடிவீட்டு_மணி: 680, 720 யூனிட் அப்படி வரும். ஆனா அது நாங்க மட்டும் இல்லையே, மாடில வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்காங்க, ஒரே மீட்டர் தான், நாங்க கணக்கு பண்ணி காசு வாங்கிக்குவோம்

தேனிக்காரி: இத முதல்லயே சொல்லிருக்கலாம்ல! அப்படியே வருஷக் கணக்கு போட்டா 4200 கிட்ட வருது

வாடகைக்காரன்: கணக்கு பண்ணின்னா யூனிட்டுக்கு எவ்ளோ? எங்க ஓனர் 9 ரூபா வாங்குறாரு, மோட்டர் போடுறதுக்கு தனி. முதல் 100 யூனிட் ப்ரீ அவருக்கு மட்டும் தானா?

கணக்குப்பிள்ளை77: ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம் எரிச்சா 500 யூனிட் தாண்டி ரேட்டே ஏறிடும், ஓனர் கைலருந்தா போடுவாரு?

வாடகைக்காரன்: அப்ப தனி மீட்டர் வாங்கி குடுங்க. யாரும் குடுக்க மாட்டீங்க. வீட்டு வரி ரசீதுல மாடியே இருக்காது, கட்டினத சொன்னா வீட்டு வரி ஏறும்னு தரைத்தளத்துக்கு மட்டும் கட்டிட்டு வருவீங்க, ஏப்ரல் மாசம் மட்டும் முதல் ஆளா போய் 5% ஊக்கத்தொகையும் வாங்கிக்குவீங்க

கணக்குப்பிள்ளை77: வரிய சீக்கிரம் கட்டுறது தப்பா சார்? 2022ல வீட்டு வரி ஏத்துனதுல எனக்கு 75%ங்க. வாடகை வாங்காம எப்படி கட்டுறது

வாடகைக்காரன்: அந்த 75%ம் வாடகைல சேத்து என்கிட்ட தானே வாங்குனீங்க

தேனிக்காரி: அண்ணா ரெண்டு பேரும் தனி இழை போட்டு சண்டை போடுங்க. மணி, திட்டத்தோட தளத்துல ஆதார் நம்பர் போட்டா நிலைய பாக்கலாம், இல்லனா இ-சேவைல கேளுங்க. மெசேஜ் வந்து 30 நாளுக்குள்ள கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடணும், அதையும் இ-சேவைலயே போடலாம். வாடகை ஒப்பந்தம் இருந்தா கூட வைங்க

பழைய_ஆர்ஐ: ஒப்பந்தம்லாம் எழுதிருக்க மாட்டாங்க, பாருங்க.

நைட்ஷிப்ட்: மணி என்னாச்சு ப்ரோ?

தேனிக்காரி: தேதிய விட்றாதீங்க மணி

மாடிவீட்டு_மணி: மின்சாரம்னு தான் காட்டுது. அப்பீல் போட்டாச்சு. ஒப்பந்தம் இல்ல, இப்ப தான் எழுதுறோம். தேங்க்ஸ்

வாடகைக்காரன்: யூனிட்டுக்கு எவ்ளோன்னு கடைசி வரை சொல்லல பாத்தீங்களா