'குரோத் பிளேட்': வளர்ச்சித் தட்டா, வளர்குருத்தா?

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு பற்றிப் பெற்றோருக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹார்மோனை அப்படியே விட்டுவிட்டேன். 'இயக்குநீர்' என்று கேட்டால் மருந்துக் கடையில் முழிப்பார்கள். மாட்டிக்கொண்டது 'குரோத் பிளேட்'டில். 'வளர்ச்சித் தட்டு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த அக்கா, "எந்தத் தட்டு, சோத்துத் தட்டா?" என்றார். இரத்தத்தில் வேறு தட்டணுக்கள் இருக்கின்றன.

நீள எலும்புகளின் முனையை ஒட்டி இருக்கும் மெல்லிய குருத்தெலும்புப் படலம் அது. அங்கே செல்கள் பெருகி எலும்பாக மாறுவதால்தான் பிள்ளை உயர்கிறது. தினமும் இரவில் போடும் ஹார்மோன் ஊசி உயரத்தைக் கூட்டுவதும் அந்தப் படலம் இருக்கும்வரைதான். 'வளர்குருத்து' என்று வைக்கலாமா?

*

> வளர்குருத்து

நல்ல சொல். ஆனால் மூக்கிலும் காதிலும் இருப்பதும் குருத்தெலும்புதானே, குழம்பாதா? அப்புறம், மருத்துவர்கள் 'பிளேட் மூடிவிட்டது' என்பார்கள். குருத்து எப்படி மூடும்?

*

> குழம்பாதா?

குழம்பாது ஐயா. காதில் இருப்பதை யாரும் வெறும் குருத்து என்பதில்லை. 'வளர்குருத்து' வினைத்தொகை வேறு. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் மூன்றையும் தாங்கும். பெரியவர்களின் எலும்பைப் பேசும்போதும் சொல்லை மாற்ற வேண்டாம்.

> குருத்து எப்படி மூடும்?

மூடாது, முற்றும். எக்ஸ்ரேயில் கருங்கோடாகத் தெரியும் இடைவெளி மறைவதால் ஆங்கிலத்தில் அதை மூடுவதாகச் சொல்கிறார்கள். நாமும் அதையே பிடித்துத் தொங்க வேண்டுமா? பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14, 15 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் முற்றுகிறது. அதற்குப் பிறகு எத்தனை ஊசி போட்டாலும் உயரம் கூடாது.

இந்தக் குறைபாடு உள்ள 10 வயதுப் பையனின் இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுக்குரிய அளவு முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கு, 7 என்று வரலாம். அதை அப்படியே சொன்னால் தாய் பயந்துபோவார். 'குருத்து இன்னும் இளசாக இருக்கிறது' என்றால், சிகிச்சைக்குக் காலம் இருப்பது அவருக்கே விளங்கிவிடும்.

சரி, 'எபிபைசியல் பிளேட்' என்று முழுப்பெயர் வரும் இடத்தில் 'எலும்புமுனை வளர்குருத்து' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக வேறு தோன்றினால் சொல்லுங்கள்.