வீடியோ கால்ல கல்லீரல் நோயாளி: மனசை விட்டுப் போகாத ஒரு அழைப்பு

ஒடுகத்தூர் நர்ஸ்:
சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கற நோய்), வயித்துல நீர். "நல்லாத்தான் கீறேன்மா"ன்னு தெளிவாப் பேசினார். பின்னாலிருந்து சம்சாரம்தான் "ராவெல்லாம் முழிச்சிக்கினு பகல்ல தூங்கறாரு"ன்னாங்க. கல்லீரல் கெட்டா மூளையும் குழம்பும், கையும் உதறும். அதைப் பார்க்க செல்லைச் சொம்புல சாய்ச்சு வெச்சு, ரெண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேல மடக்கி, விரலை விரிச்சு 30 விநாடி வைக்கச் சொன்னோம். மலையடிவாரத்து சிக்னல், படம் நின்னு நின்னு வந்தது. கை உதறுதா, வீடியோ உதறுதான்னே புரியல. வீடியோவை நிறுத்திட்டு, குரல்லயே ஒரு நிமிஷம் மிருகங்க பேரு கேட்டோம். மாடு, ஆடு, நாய், திரும்ப மாடு... ஏழைத் தாண்டல. 10க்குக் கீழ வந்தாலே மூளைக் குழப்பமோன்னு சந்தேகப்படணும். இனிப்பு திகட்டுதுன்னு லாக்டுலோஸை (மலத்தை இளக்கி, குழப்பம் வராம தடுக்கற மருந்து) நிறுத்திட்டாராம், மூணு நாளா வெளிக்கிப் போகல. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

காட்பாடி டாக்டர்:
சிஸ்டர், 10ங்கற கணக்கை எல்லாருக்கும் போடாதீங்க. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவங்க, ரொம்ப வயசானவங்க தெளிவா இருக்கும்போதே கம்மியாத்தான் சொல்வாங்க. நல்லா இருக்கற நாள்ல ஒருமுறை எண்ணிக் குறிச்சு வெச்சாதான் இன்னிக்கு விழுந்த எண்ணுக்கு அர்த்தம். இங்க ஒரு அம்மாவுக்கு மஞ்சள் பல்பு வெளிச்சத்துல கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சது. வாசலுக்கு வந்து, கண்ணு பக்கத்துல வெள்ளைத் தாளைப் பிடிச்சதும் அது பல்போட மஞ்சளா, காமாலையான்னு விளங்கிடுச்சு. ஆனா வயித்து நீர்ல கிருமி இருக்கான்னு எந்த கேமராவும் காட்டாது. காய்ச்சல் இல்லாமலும் வரும். புதுசா வயித்துவலியோ குழப்பமோ வந்தா நேர்ல வரவழைச்சு, நீர் எடுத்து அதுல வெள்ளை அணுக்களை எண்ணணும். நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 தொட்டா உடனே ஆன்டிபயாட்டிக்.

வாணியம்பாடி பார்மசிஸ்ட்:
நான் பார்த்தவர் நீர் மாத்திரை (ஒண்ணுக்கு வழியா நீரை வெளியேத்தற மாத்திரை) சாப்பிடறவர், நாலு நாள்ல நாலு கிலோ இறங்கிச்சு. வீடே சந்தோஷப்பட்டது. கால்ல வீக்கமே இல்ல, ஒண்ணுக்குப் போறதும் குறைஞ்சிருந்தது. கிட்னி அடிவாங்கற அறிகுறி அது.

யாரும் கேட்கல, ஆனாலும் சொல்லிடறேன். போன்ல பார்க்கறவங்க வீட்ல எடை மெஷின் கண்டிப்பா வேணும். காலைல ஒண்ணுக்குப் போனதும், சாப்பிடறதுக்கு முன்னாடி, அதே மெஷின்ல. நீர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நாளைக்கு அரை கிலோ இறங்கினா போதும், கால் வீக்கம் இருந்தா ஒரு கிலோ வரைக்கும். அதுக்கு மேல போனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம டாக்டரைக் கூப்பிடுங்க. லாக்டுலோஸ்ல கணக்கு மில்லி இல்ல, நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமா போறதுதான். தண்ணியாப் போனா உடம்பு வறண்டு குழப்பம் கூடும். உப்பு மொத்தமே ஒரு டீஸ்பூன், அதுலயே ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அடக்கம். பருப்பு, முட்டையைக் குறைக்காதீங்க, படுக்கப் போறதுக்கு முன்னாடியும் ஏதாவது சாப்பிடணும். வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் 500 நாளைக்கு நாலுதான், டாக்டரைக் கேட்டுட்டு.

ஒடுகத்தூர் நர்ஸ்:
டாக்டர் சொல்றது சரி, எண்ணிக்கையை இனி நோட்டுல குறிச்சு வெக்கறேன். பார்மசிஸ்ட் சார், மலைக்கிராமத்துல எடை மெஷினுக்கு எங்க போறது? தொப்புள் மட்டத்துல டேப் சுத்தி, வாராவாரம் சுற்றளவு குறிக்கச் சொல்லலாமா?