எட்டு மாசப் பாப்பா, மூணு வயசுப் பையனோட பங்குனி உத்திரத்துக்கு ரயில்ல போறோம், யோசனை சொல்லுங்க

குரோம்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற உத்திரத்துக்கு வீட்டுக்காரரோட குலசாமி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்ல (திருச்செந்தூர் பக்கம், மேலப்புதுக்குடி) பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தணும். ரெண்டு குழந்தைகளோட இவ்வளவு தூரம் போறது இதுதான் முதல் தடவை. அத்தையும் மாமாவும் முன்னாடியே ஊருக்குப் போயிடுவாங்க, ரயில்ல நாங்க நாலு பேர்தான். செந்தூர் எக்ஸ்பிரஸா, நெல்லை எக்ஸ்பிரஸா? பையனுக்கு டிக்கெட் எடுக்கணுமா? பாப்பா தாய்ப்பாலோட கேழ்வரகுக் கூழும் இட்லியும் சாப்பிடுறா. தூளி இல்லாம தூங்கவே மாட்டா, அதான் பெரிய கவலை.

உடன்குடிக்காரி:

தங்கச்சி, எனக்குப் பிறந்த ஊர் உடன்குடி. கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்த பிறகும் உத்திரத்துக்குச் சாமி கும்பிடப் போகாம இருந்ததில்ல. என் ரெண்டு பிள்ளைகளையும் இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னுதான் கூட்டிட்டுப் போனேன். எல்லாரும் கைக்குழந்தையை நினைச்சுத்தான் பயப்படுவாங்க. நான் சொல்றது, மூத்தவனை மனசுல வச்சுத் திட்டம் போடுங்க. எட்டு மாசப் பிள்ளைக்கு அம்மா மடியும் பாலும் கிடைச்சா போதும். மூணு வயசுக்காரன்தான் கதவுப் பக்கம் ஓடுவான், ஜன்னல் சீட்டு கேப்பான், பாப்பாவை மட்டும் தூக்குறியேன்னு நடு ராத்திரி அழுவான்.

அதனால நெல்லை எக்ஸ்பிரஸ்தான். செந்தூர் வண்டி திருச்செந்தூர்லயே இறக்கி விடும், சரிதான். ஆனா சாயங்காலமே கிளம்பி சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர்னு சுத்திப் போகும். பையன் முழிச்சிருக்கிற நேரம் பூரா பெட்டிக்குள்ளயே அடைச்சு வைக்கணும். நெல்லை ராத்திரி வண்டி. வீட்டுலயே சோறு ஊட்டி, இரவு உடுப்பு மாட்டிக் கூட்டிட்டுப் போனா செங்கல்பட்டு தாண்டுறதுக்குள்ள தூங்கிடுவான். காலையில திருநெல்வேலியில இறங்கினா திருச்செந்தூருக்கு 60 கிலோமீட்டர் சொச்சம்தான். உத்திரத்தன்னிக்கு அங்க போய்க் கார் தேடினா கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைங்க. வந்தே பாரத் வேண்டாம். படுக்கை இல்லாத பகல் வண்டி, அத்தனை மணி நேரம் மடியில ஒருத்தி, பக்கத்துல ஒருத்தன்னு உட்கார்ந்தா உங்க முதுகு தாங்காது.

வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே பேசிடுங்க. பையன் முழுக்க அவர் பொறுப்பு, சாப்பாடு, கழிவறை, தூக்கம் எல்லாம். "ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்"னு விட்டா கடைசியில ரெண்டும் உங்க தலையிலதான் விழும்.

தூளியை ரயில்ல கட்டாதீங்க. பெர்த்துக்கு நடுவுல கட்டுறவங்க நிறையப் பேர் உண்டு, நானும் பாத்திருக்கேன். வண்டி திடீர்னு நின்னா பிள்ளை எதிர்ப் பலகையில போய் மோதும், இருட்டுல நடக்குறவங்க இடிப்பாங்க. வீட்டுத் தூளிச் சேலையைத் துவைக்காம அப்படியே எடுத்துட்டுப் போய் பெர்த்துல இறுக்கமா விரிச்சுப் படுக்க வைங்க. பழகின வாசனையும் வண்டி ஆட்டமும் சேர்ந்தா தூங்கிடுவா.

ரயிலடி அப்பா:

டிக்கெட் விஷயம் நான் சொல்றேன். 5 வயசுக்குக் கீழே தனிப் பெர்த் வேண்டாம்னா டிக்கெட்டே தேவையில்லை. பெர்த் வேணும்னா பெரியவங்க கட்டணம். பையனுக்கு எடுத்துடுங்கம்மா. மூணு பெர்த் இருந்தாத்தான் நீங்க ராத்திரி கால் நீட்ட முடியும்.

முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், 2024 நவம்பர்ல மாத்தினது. உத்திரத்துக்கு ஊர் முழுக்கக் கிளம்பும், முன்பதிவு திறக்கிற அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கே உட்கார்ந்துடுங்க. கீழ் பெர்த்தைக் கணினி தானா ஒதுக்குறது மூத்த குடிமக்கள், 45 வயசு தாண்டின பெண்கள், கர்ப்பிணிகளுக்கு. கைக்குழந்தை இருக்கிறது அதுக்குத் தெரியாது. ஐஆர்சிடிசியில "கீழ் பெர்த் கிடைச்சா மட்டும் பதிவு செய்"னு ஒரு தேர்வு இருக்கு, அதைப் போடுங்க. பக்கவாட்டுப் பெர்த் வந்தா மாத்திக் கேளுங்க, நடைபாதை ஓரம் குழந்தைக்கு ஆகாது. படுக்கும்போது பாப்பா சுவர்ப் பக்கம், நீங்க வெளிப்பக்கம்.

தாம்பரம் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனா அங்க வண்டி நிக்கிற நேரம் கொஞ்சம். ரெண்டு பிள்ளை, மூணு பையோட ஓட வேண்டாம். வண்டி புறப்படுற இடத்துக்கே போய் நிதானமா ஏறுங்க.

செவிலி அக்கா:

குழந்தைகள் வார்டுல வேலை பாக்குறேன், அதனால ஒண்ணு சொல்லியே ஆகணும். கோயில்ல யாராவது பாசத்துல பாப்பா வாயில பஞ்சாமிர்தத்தைத் தடவுவாங்க. அதுல தேன் இருக்கும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதுல இருக்கக்கூடிய கிருமி பிஞ்சுக் குடல்ல வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், உடம்பே தளர்ந்துபோய் மூச்சுக்கே ஆபத்தாகலாம். மாமியார்கிட்ட முன்னாடியே பக்குவமா சொல்லி வைங்க. கோயில் சுனைத் தண்ணியைத் தலையில தெளிச்சாப் போதும், குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

ஓஆர்எஸ் (வயித்துப்போக்கு வந்தா கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் ரெண்டு எடுத்துக்கோங்க, பெரிய பாக்கெட்னா காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணியில முழுசாக் கலக்கணும். கூழை வீட்டுலயே காய்ச்சி எடுத்துட்டுப் போகாதீங்க, பங்குனி வெயில்ல கெட்டுடும். வறுத்த மாவும் பிளாஸ்க்ல வெந்நீரும் இருக்கட்டும்.

குரோம்பேட்டை அம்மா:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. தேன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அத்தைக்கு இப்பவே போன் பண்றேன். மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாள்ல தாங்குவாளா?

உடன்குடிக்காரி:

தாங்குவா. பாலைக் கொடுத்துட்டுத் தாய்மாமன் மடியில உக்கார வைங்க, பசியோட உக்கார வச்சாத்தான் துடிப்பா. நாவிதர்கிட்ட புது பிளேடுதான்னு கண்ணால பாத்துக்கோங்க, கேக்கக் கூச்சப்படாதீங்க. எல்லாத்தையும் காலையிலயே முடிச்சிடுங்க. அது தேரிக்காடு, வெயில் ஏறிட்டா அந்தச் செம்மண்ல பெரியவங்களே கால் வைக்க முடியாது. பையன் சட்டைப்பையில உங்க போன் நம்பர் எழுதின சீட்டு கட்டாயம். பொங்கல் வச்சுப் படையல் போட்டு முடியறதுக்கு எப்படியும் உச்சி ஆயிடும். அதுவரைக்கும் அவனுக்கு எண்ணெய் தடவின இட்லி நாலு கையில வச்சுக்கோங்க.