கூட்டோடு விழுந்த அணில் குட்டிகள், உடனே உதவி வேண்டும்

கும்பகோணத்தில் இருக்கிறேன். இன்று மதியம் வீட்டுத் தென்னையில் மட்டை வெட்டும்போது அணில் கூடு ஒன்று அப்படியே கீழே வந்துவிட்டது, நாரும் பஞ்சுமாக இருந்த அந்தக் கூட்டுக்குள் இரண்டு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை, முதுகில் கோடு இப்போதுதான் லேசாகத் தெரிகிறது. ஒன்றுக்குப் பின்னங்காலில் காயம். எறும்பு மொய்த்திருந்தது, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

தாய் வந்து தூக்கிப்போகும் என்று கூட்டைச் சின்னக் கூடையில் வைத்து மரத்தில் கட்டிவிட்டு மாலை வரை தள்ளி நின்று பார்த்தோம். வந்தது, கத்தியது, கிட்டே போகவில்லை. இருட்டினால் அணில் வராது, பூனை வேறு சுற்றுகிறது, அதனால் உள்ளே கொண்டுவந்து வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பசும்பால் மட்டும் சொல்லாதீர்கள், வயிற்றுப்போக்கில் போய்விடும். உடம்பு சூடாகும் முன் எதுவும் ஊட்டக்கூடாது என்பதும் தெரியும்.

அப்புறம் என்ன கொடுப்பது, எத்தனை மணிக்கு ஒருமுறை? காயத்தை எதைக்கொண்டு துடைப்பது? இந்தப் பக்கம் அணிலைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யாராவது உண்டா? விடிந்ததும் நல்ல குட்டியை மட்டும் மரத்தில் வைக்கட்டுமா, இரண்டையும் சேர்த்தா? வளர்க்கும் எண்ணம் இல்லை, தாயிடம் சேரவேண்டும், முடியாவிட்டால் வனத்துறையிடம் ஒப்படைப்பேன். அனுபவம் உள்ளவர்கள் இன்றிரவே சொல்லுங்கள்.