எஸ்சிசிஎம்: அப்டேட் பேக்கேஜ் வினவலில் வரிசைகள் பெருகுகின்றன, உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கான்ஃபிகரேஷன் மேனேஜர் (எஸ்சிசிஎம், நிறுவனக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) தரவுத்தளத்தில் எஸ்க்யூஎல் எழுதிப் பழகியவர்கள் யாராவது கைகொடுங்கள்.

கணினிகளுக்கு அப்டேட் கோப்புகளை வழங்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட் சர்வரில் இடம் தீர்ந்துகொண்டே போகிறது. எந்த அப்டேட் பேக்கேஜில் எத்தனை அப்டேட்கள் இருக்கின்றன, அவற்றில் காலாவதியானவை எத்தனை, புதியது வந்து வழக்கொழிந்தவை எத்தனை என்று ஒரே பட்டியலாக எடுக்க வேண்டும். கன்சோலில் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது பேக்கேஜிலேயே பொறுமை போய்விட்டது.

வி_பேக்கேஜ் வியூவில் (வியூ என்பது டேபிள்களிலிருந்து தரவைக் காட்டும் ஆயத்த வினவல்) பேக்கேஜ் வகை 5 என்று வடிகட்டினால் அப்டேட் பேக்கேஜ்கள் மட்டும் வருகின்றன (0 சாதாரணப் பேக்கேஜ், 3 டிரைவர்). அதுவரை சரி. அப்புறம் வி_சிஐடுகன்டென்ட் (எந்த அப்டேட்டுக்கு எந்தக் கோப்பு என்று காட்டும் வியூ) வழியாக, அப்டேட் விவரங்கள் உள்ள வி_அப்டேட்இன்ஃபோவை இணைத்தால்தான் வம்பு. ஒரு அப்டேட்டுக்குப் பல கன்டென்ட் கோப்புகள் இருப்பதால் ஒரே கேபி எண் (அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் எண்) நாலைந்து முறை வருகிறது. சிஐ ஐடியை (தரவுத்தளத்தில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உள்ள அடையாள எண்) வைத்து, ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு எண்ணினால் எண்ணிக்கை சரியாகிறது, ஆனால் கோப்பு அளவைக் கூட்டினால் கன்னாபின்னாவென்று ஏறுகிறது.

அளவை முதலில் துணை வினவலில் தனியாகக் கூட்டிவிட்டு, பிறகு இணைப்பதுதான் முறையா? ஒரே அப்டேட் இரண்டு பேக்கேஜ்களில் இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

வியூக்களை மட்டும், அதுவும் படிக்க மட்டுமே உரிமை உள்ள கணக்கில்தான் தொடுகிறேன். டேபிளில் நேராகக் கைவைக்கும் யோசனை வேண்டாம். யாரிடமாவது ஓடுகிற வினவல் இருந்தால் அப்படியே ஒட்டிவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.